சூடான் தேர்தலும் மூன்றாமவர் துணையும்

ஒரு தேசத்தின் தேர்தலில் அந்நிய தேசத்தார் தலையிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதே சுயமரியாதையுள்ள எந்தப் பிரஜையும் உடனே சொல்லும் பதிலாகும். ஆயினும், தேர்தலை நடத்த வேண்டிய அரசாங்கத்தின் மீதே ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லாதபோது, அதன் முடிவால் யாதொரு லாபமும் நஷ்டமும் அடையாத ஒருவரை நடுவில் அமர்த்திக்கொள்வது கௌரவக் குறைவாகாது. 1953-ஆம் ஆண்டில் சூடானில் நடந்த தேர்தலே இதற்குத் தக்க திருஷ்டாந்தம்.

1899 முதல் சூடான், பெயரளவில் பிரிட்டனும் எகிப்தும் கூட்டாக ஆண்டுவந்த நாடு. உண்மையான அதிகாரம் பிரிட்டிஷாரிடமே இருந்தது. சூடானியர் தங்கள் வருங்காலத்தைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ள வேண்டுமென்று 1953 பிப்ரவரி 12-ஆம் தேதி இவ்விரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கு முதற்படியாகப் பார்லிமெண்டுத் தேர்தல் நடைபெற வேண்டும். ஆனால் அதை யார் நடத்துவது? தேசிய ஐக்கியக் கட்சி எகிப்துடன் இணைவதை விரும்பியது. உம்மா கட்சியோ தனிச் சுதந்திரத்தைக் கோரியது. பிரிட்டிஷார் நடத்தினால் முன்னதும், எகிப்தியர் நடத்தினால் பின்னதும் முடிவைச் சந்தேகிக்கும் என்பது வெளிப்படை. ஆகவே சூடானியர் மூவரும், பிரிட்டன், எகிப்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர் ஒவ்வொருவரும் அடங்கிய கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டு, அதன் தலைமை ஏழாமவரான ஓர் இந்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர்தான் நமது முதல் தலைமைத் தேர்தல் கமிஷனராகிய சுகுமார் சென். பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டதும், அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களாக இருந்ததுமான 1951-52 பொதுத் தேர்தலை நடத்தி முடித்திருந்த அவருக்கு, பரந்த பாலைவனமும் நாடோடிக் கூட்டங்களும் நிறைந்த சூடானின் சிரமங்கள் முற்றிலும் புதியவையல்ல. நேரடி வாக்களிப்புச் சாத்தியமான தொகுதிகளில் அதுவும், ஏனைய பிரதேசங்களில் மறைமுகத் தேர்தலும் கையாளப்பட்டன; படித்த பட்டதாரிகளுக்கெனத் தனியாக ஐந்து ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன.

அவ்வாண்டின் இறுதியில் நடந்த வாக்குப்பதிவில், கீழ்ச்சபையின் 97 ஸ்தானங்களில் 51-ஐத் தேசிய ஐக்கியக் கட்சி கைப்பற்றியது. பிரிட்டனுக்குச் சற்றும் உவப்பில்லாத இந்த முடிவை அதுவே ஏற்றுக்கொள்ள நேர்ந்ததுதான் கமிஷனின் நடுநிலைமைக்குக் கிடைத்த மகத்தான அத்தாட்சி. வென்றவர் மகிழ்வது இயல்பு. தோற்றவரும் மறுக்க இயலாதபடி ஒவ்வொரு காரியமும் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தேறுவதே தேர்தலின் தூய்மை. பிரதம மந்திரியான இஸ்மாயில் அல்-அஸ்ஹரி, பின்னர் தேசத்தின் மனோபாவத்தை உணர்ந்து எகிப்துடன் இணைவதைக் கைவிட, 1956 ஜனவரி 1-ஆம் தேதி சூடான் சுதந்திர நாடாயிற்று.

எனினும் தென்பகுதி மக்களின் மனக்குறை 1955-லேயே கலகமாக வெடித்தது; 1958 நவம்பரில் ராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டது. வெளியார் உதவி ஒரு தேர்தலை நேர்மையாக நடத்தித் தரலாம். சட்டத்துக்குக் கட்டுப்படும் ஆட்சியையும், சிறுபான்மையோரை அரவணைக்கும் பண்பையும் அது தந்துவிட இயலாது.

இவ்வெல்லையைப் பிற்காலத்தார் உணர்ந்தனர் என்பதற்கு, 2005 அக்டோபர் 27-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் வெளியிடப்பட்ட சர்வதேசத் தேர்தல் கண்காணிப்புப் பிரகடனம் சான்று. பார்வையாளர் பட்சபாதமின்றி நடக்க வேண்டும், தேர்தல் காரியங்களில் குறுக்கிடலாகாது, வாக்குப்பதிவு நாளோடு நில்லாமல் வாக்காளர் ஜாபிதா, பிரசாரம், எண்ணிக்கை, புகார் விசாரணை ஆகிய அனைத்தையும் ஆராய வேண்டும் என்பன அதன் சாரம். கண்டதை ஒளிக்காமல் கூறுவதே அவர்களுடைய கடமை. கூறப்பட்ட குறைகளைத் திருத்துவது அந்நாட்டு மக்களின் கடமை.

ஆதலின், உதவ முன்வரும் தேசம் அந்நாட்டில் தனக்கென எந்த ஆதாயத்தையும் நாடாதிருக்க வேண்டும். உதவி பெறும் தேசமோ, அடுத்த தேர்தலைத் தன் சொந்த அதிகாரிகளே அதே நேர்மையுடன் நடத்தும்படி சுதந்திரமான தேர்தல் ஸ்தாபனத்தையும் அஞ்சாத நீதிமன்றங்களையும் வளர்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் கூடினாலன்றி ஜனநாயகத்துக்கான சர்வதேச ஒத்துழைப்பு பூரணமாகாது.