நிறத்தோடு நிறத்தை ஒப்பிடல்: ஓவியப் பயிற்சியில் வண்ணக் கோட்பாடு

ஓவியம் பயிலத் தொடங்குவோர்க்கு முதலில் அறிமுகமாவது வண்ணச் சக்கரம். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் முதன்மை நிறங்கள் என்றும், அவற்றை இரண்டிரண்டாகக் கலந்தால் கிடைக்கும் ஆரஞ்சு, பச்சை, ஊதா ஆகியவற்றை இரண்டாம் நிலை நிறங்கள் என்றும், சக்கரத்தில் நேரெதிரே அமைபவற்றை எதிர் நிறங்கள் என்றும் அது வகுத்துக் காட்டுகிறது. இந்தப் பாகுபாட்டைச் சிறிது நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் மனப்பாடம் செய்தவர் தூரிகையை எடுத்து ஒரு மாம்பழத்தின் நிழல் பக்கத்தைத் தீட்ட முற்படும்போது, எந்த நிறத்தோடு எதை எவ்வளவு கலப்பது என்ற கேள்விக்குச் சக்கரம் விடை சொல்வதில்லை. கோட்பாட்டுக்கும் கைப்பழக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை நிரப்புவது ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமே. ஏனெனில் ஓவியத்தில் எந்த நிறமும் தனித்து நிற்பதில்லை. அருகிலுள்ள நிறங்களோடு சேர்ந்தே அது கண்ணுக்குப் புலனாகிறது.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது ஒளிக்கும் நிறமிக்கும் உள்ள வேறுபாடு. வெள்ளொளி பல நிறங்களின் சேர்க்கை என்பதை முப்பட்டகக் கண்ணாடியின் துணையோடு விளக்கிய ஐசக் நியூட்டன், 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் அந்நிறங்களை ஒரு வட்டத்தில் வரிசைப்படுத்தினார். ஆயினும் ஓவியர் கையாள்வது ஒளியை அன்று, நிறமியை. அதாவது பசையோடோ எண்ணெயோடோ குழைக்கப்பட்ட, நிறம் தரும் நுண்பொடியை. பல நிற ஒளிகள் ஒன்றுசேரும்போது வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது. நிறமிகளோ தம்மேல் விழும் ஒளியின் ஒரு பகுதியை உட்கொண்டு எஞ்சியதையே திருப்பி அனுப்புவதால், அவை கலக்கக் கலக்கக் கலவை இருண்டு மங்குகிறது. தட்டில் பல வண்ணங்களைக் குழைக்கும் தொடக்கநிலை மாணவருக்குச் சேறு போன்ற நிறம் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இந்த உண்மையை ஒரு சிறு பயிற்சி கண்ணெதிரே காட்டிவிடும். எலுமிச்சை மஞ்சளோடு ஒருபுறம் பிரஷ்யன் நீலத்தையும், மறுபுறம் அல்ட்ராமரைன் நீலத்தையும் தனித்தனியே கலந்து, இரண்டு கலவைகளையும் வெள்ளைத் தாளில் அடுத்தடுத்துப் பூசிப் பார்க்க வேண்டும். பிரஷ்யன் நீலம் இயல்பாகவே பச்சையின் பக்கம் சாய்ந்தது என்பதால் முதல் கலவை துலக்கமான பச்சையாக அமையும். அல்ட்ராமரைன் ஊதாவின் பக்கம் சாய்ந்தது. அதில் மறைந்திருக்கும் சிவப்புச் சாயல் பச்சைக்கு எதிர் நிறமாக நின்று அதை அடக்குவதால், இரண்டாவது கலவை தணிந்த பச்சையாகவே நின்றுவிடும். இவற்றில் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்பதில்லை. வெயில் ஊடுருவும் வாழைத் தளிருக்கு முதல் பச்சை பொருந்தும். தொலைவில் தெரியும் மரக்கூட்டத்துக்கு இரண்டாவது பொருந்தும். மாணவர் தம்மிடமுள்ள ஒவ்வொரு வண்ணத்தையும் மற்ற எல்லா வண்ணங்களோடும் கலந்து கட்டம் கட்டமாகப் பூசி வைத்துக்கொண்டால், எந்த நீலம் எப்பக்கம் சாயும், எந்தச் சிவப்பு எதை அடக்கும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

கலக்கத் தெரிந்தபின் எதைக் கலப்பது என்று தீர்மானிக்க, நிறத்தை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை உதவுகிறது. அமெரிக்க ஓவியரும் ஓவிய ஆசிரியருமான ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை ஒழுங்குபடுத்தினார். சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று சொல்வது நிறவகை. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்று சொல்வது ஒளிநிலை. துலங்குகிறதா, மங்கிச் சாம்பலை நெருங்குகிறதா என்று சொல்வது செறிவு. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10 என்று ஒளிநிலைக்கு அவர் ஓர் அளவுகோல் வகுத்தார். இம்மூன்றில் ஓவியருக்கு முதலில் வேண்டியது ஒளிநிலையே. உருவத்தின் திரட்சியையும் வெளிச்சம் வரும் திசையையும் காட்டுவது அதுதான் என்பதால், ஒளிநிலை சரியாக அமைந்த ஓவியத்தில் நிறவகை சற்று மாறினாலும் உருவம் சிதைவதில்லை. ஒளிநிலை தவறினால் எத்தனை அழகான நிறங்களும் தட்டையாகவே கிடக்கும். கண்களைப் பாதி மூடிப் பார்ப்பதும், தீட்டிய படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்ப்பதும் இதைச் சோதிக்க எளிய வழிகள்.

மூன்று கூறுகளும் பிடிபட்ட பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தட்டில் சரியாகத் தோன்றிய நிறம் படத்தில் வைத்ததும் மாறிவிடுகிறது. இதன் காரணத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஓவியர் அல்லர், வேதியியலாளர். பாரிஸில் திரைச்சீலைச் சித்திரங்கள் நெய்யும் கோப்லான் தொழிலகத்தில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற மிஷெல் யூஜேன் ஷெவ்ரல், நீலம், ஊதா ஆகிய நிறங்களின் அருகே நெய்யப்படும் கறுப்பு நூல் சோபை இழந்து தெரிகிறது என்ற முறையீட்டை எதிர்கொண்டார். வேறு பட்டறைகளின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறமே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அடுத்தடுத்து அமையும் இரு நிறங்கள் தத்தம் எதிர் நிறத்தின் சாயலை ஒன்று மற்றொன்றின்மேல் ஏற்றிக் காட்டுகின்றன என்பது 1839-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம். நீலத்தின் அருகிலுள்ள கறுப்பில் ஆரஞ்சுச் சாயல் படிவதுபோல் தோன்றுவதாலேயே அதன் ஆழம் குறைந்து தெரிகிறது. ஒரே சாம்பல் நிறம் சிவப்புப் பின்னணியில் பசுமையாகவும் பச்சைப் பின்னணியில் செம்மையாகவும் தோன்றுவதும் இவ்விதிப்படியே.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கண்ணால் உணர்வது வேறு என்பதை வலியுறுத்தியவர் ஜெர்மனியின் பௌஹாஸ் கலைப்பள்ளியிலும் பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த ஜோசப் ஆல்பர்ஸ். கோட்பாட்டுக்கு முன் பயிற்சி என்பது அவரது கொள்கை. அவரது முறையை விளக்கும் நூல் 1963-இல் வெளியானது. கலவையில் நேரும் பிழை பாடத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக, பூசும் வண்ணத்துக்குப் பதிலாக வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டச் செய்தார். ஒரே தாளிலிருந்து வெட்டிய இரு துண்டுகளை இருவேறு பின்னணியில் வைத்து அவை இரண்டு நிறங்களாகத் தோன்றச் செய்ய வேண்டும்; அடுத்து, வெவ்வேறு நிறமுள்ள இரு துண்டுகளை ஒன்றுபோல் தோன்றச் செய்ய வேண்டும். பின்னணிகளைப் பலமுறை மாற்றி மாற்றித் தேடினால்தான் விடை கிடைக்கும் என்பதால், அந்தத் தேடலே கண்ணைப் பழக்கிவிடுகிறது.

இப்போது நீலத் துணிமேல் வைத்த மாம்பழத்தைத் தீட்டுவதாகக் கொள்வோம். பழத்தின் மஞ்சளோடு கறுப்பைக் கலந்து நிழலை வரைந்தால், அது பச்சைப் பக்கம் சாய்ந்து பழம் காயாகிவிடும். மஞ்சளுக்கு எதிர் நிறமான ஊதாவையோ, பர்ன்ட் சியன்னா போன்ற செம்பழுப்பையோ சிறிதளவு சேர்த்தால், ஒளிநிலை இறங்கும். பழத்தின் கனிவும் கெடாது. பழத்தின் அடிப்பக்கத்தில் துணியின் நீலம் எதிரொளித்து நிறத்தைத் தணிப்பதையும் கவனித்துச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் பழம் போதிய அளவு துலங்கவில்லையானால், மஞ்சளை மேலும் மேலும் ஏற்றுவதைவிடத் துணியின் நீலத்தைச் சற்று ஊதாவின் பக்கம் நகர்த்துவது கூடுதல் பலன் தரும்.

கோட்பாட்டின் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. ஷெவ்ரலின் நூலைக் கற்றுத் தெளிந்த ஜார்ஜ் சூரா, நிறங்களைத் தட்டில் குழைக்காமல் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்து, பார்ப்பவரின் கண்ணிலேயே அவை கலக்கும்படி 1884 முதல் 1886 வரை உழைத்து உருவாக்கிய கிராண்ட் ஜாட் தீவின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி இன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் அவர் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறி, வெயில் படிந்த புல்வெளியின் ஒளியைக் குறைத்துவிட்டது. எந்த நிறத்தின் அருகே எது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அந்த நிறமி காலத்தைத் தாங்குமா என்பதும் தெரிய வேண்டும் என்பதை அவ்வோவியம் உணர்த்துகிறது. நீர்வண்ணம் உலர்ந்தால் வெளிறும், அக்ரிலிக் உலர்ந்தால் சற்று அடரும் என்பன போன்ற எளிய செய்திகளும் இந்த அறிவில் அடங்கும்.

ஆகவே கற்கும் வரிசை இவ்வாறு அமைவது நலம்: முதலில் ஒற்றை நிறத்தில் ஒளிநிலைப் பயிற்சி, பின்னர் மூன்று நான்கு வண்ணங்களுக்குமேல் எடுக்காமல் கலவைப் பயிற்சி, அதன் பின்னர் தாள் துண்டுகளால் ஒப்பீட்டுப் பயிற்சி, இவற்றோடு இணையாக, கண்முன் வைத்த பொருளைப் பார்த்துத் தீட்டும் பழக்கம். படத்தில் ஒரு நிறம் பொருந்தாமல் உறுத்தும்போதெல்லாம் அதன் ஒளிநிலை சரியா, செறிவு சரியா, நிறவகை சரியா என்று இதே வரிசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் உறுத்தல் தீராவிட்டால், அந்த நிறத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்து நிறத்தை மாற்றிப் பார்க்கத் துணிய வேண்டும். அத்துணிவு வாய்த்தவருக்கே வண்ணக் கோட்பாடு கைவந்தது எனலாம்.