நுரையீரல் நோயும் நஷ்டஈட்டு உரிமையும்

கல் உடைக்கும் இடங்களிலும், சுரங்கங்களிலும், கல்மாவு அரைக்கும் ஆலைகளிலும் எழுகின்ற தூசியில் கண்ணுக்குப் புலப்படாத பகுதி ஒன்று உண்டு. சிலிக்கா என்னும் அந்நுண்துகள் மூச்சுடன் உட்சென்று நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகிறது. அது தங்கிய இடங்கள் தழும்பேறி இறுகுகின்றன. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. ஆனால் நோய் வராமல் தடுக்க வழி உண்டு. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கலாம். விசிறி வைத்து உறிஞ்சி அகற்றலாம். இவற்றைச் செய்யாமல் வேலை வாங்குவது முதலாளியின் கவனக்குறைவேயன்றித் தொழிலாளியின் தலைவிதியன்று.

கை முறிந்தால் அன்றே தெரிந்துவிடும். நுரையீரல் பழுதானதோ பெரும்பாலும் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படுகிறது. அதற்குள் தொழிலாளி ஊர் மாறியிருப்பார், ஆலையும் மூடப்பட்டிருக்கலாம். கோலார் தங்கச் சுரங்கங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இந்நோயை நன்கு அறியும். அச்சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. நெஞ்சில் தங்கிய தூசி அதனால் நீங்கிவிடவில்லை. மேலும், இருமலும் இளைப்பும் காசநோய்க்கும் உரியவையாதலால், ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவதும் உண்டு.

வெளி மாநிலத்தில் உழைப்போர் அறியவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் முதலிய பகுதிகளைச் சேர்ந்த பழங்குடி மக்கள், பிழைப்பு நாடி குஜராத்தின் கோத்ரா வட்டாரத்துக் கல்மாவு ஆலைகளுக்குச் சென்றனர். நோயோடு ஊர் திரும்பிய பலர் மாண்டனர். இறந்தோருள் 238 பேரின் குடும்பத்தார்க்குத் தலைக்கு 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அத்தொகையைக் கொடுக்கும்படி 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு ஆணையிட்டது. உழைத்த மாநிலம் வேறு, பிறந்த மாநிலம் வேறு என்பது உரிமைக்குத் தடையாகவில்லை. ஆயினும், அத்தொகையைப் பெற உழைத்தவர் எவரும் உயிருடன் இல்லை.

ஆகவே காலத்தே கேட்பது அவசியம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்வழி நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இப்போது அதன் இடத்தைப் பெற்றுள்ளது. இவ்வழியில் முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட தொழிலில் உழைத்ததையும் நோய் வந்ததையும் காட்டவேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குச் சேர்ந்தவர், வேலையை ஒப்படைத்த முதலாளியிடமே நஷ்டஈடு கோரலாம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்றவர் அக்கழகத்தினிடம் கேட்கவேண்டும். கவனக்குறைவைக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வது வேறொரு வழி. ஆனால் ஒரே தீங்குக்காக முதலாளிமீது இரு வழிகளிலும் ஈடு பெற இயலாது.

மனுவை வேலை செய்த இடத்தில்தான் கொடுக்கவேண்டும் என்பதில்லை. தொழிலாளி இப்போது குடியிருக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமும் கொடுக்கலாம். மனுவுக்குக் காலவரம்பு உண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரமும் உண்டு. எனினும் அதனை நம்பிக் காத்திருத்தல் கூடாது.

இவ்வளவுக்கும் ஆதாரம் காகிதமே. அடையாள அட்டை, கூலிச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண், ஒப்பந்தக்காரரின் பெயர், உடன் உழைத்தோரின் முகவரி ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே சேர்த்து வைக்கவேண்டும். கல்நார் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1995-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலக் குறிப்புகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும் எனப் பணித்தது. நுரையீரல் நோய் எத்துணைக் காலம் பதுங்கியிருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

தூசி நிறைந்த தொழிலில் இருந்த எவருக்கேனும் இருமலோ மூச்சிரைப்போ நீடிக்குமாயின், மருத்துவரிடம் நோயை மட்டுமின்றித் தாம் செய்த தொழிலையும், செய்த ஆண்டுகளையும் தவறாது கூறுதல் வேண்டும். மார்பு எக்ஸ்ரே படத்தையும் மருத்துவச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக. பின்னர் மாவட்டச் சட்ட உதவி மையத்தை அணுகுக. தொழிலாளர்களில் தகுதியுடையோர்க்கு அங்கே வழக்கறிஞர் உதவி கட்டணமின்றிக் கிடைக்கும்.