தரையில் தவறிய வழி

விமானத்தில் ஏறுகிறவர்களின் அச்சமெல்லாம் அது மேலே கிளம்புகிற க்ஷணத்தையும் கீழே இறங்குகிற க்ஷணத்தையுமே சுற்றி நிற்கிறது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரையில் அது ஊர்ந்து செல்லும் சில நிமிஷங்களைப் பிரயாணத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் பாவிப்பதில்லை. தரையை விட்டுக் கிளம்பாமலே சிறு விமானங்களுக்கு நேரும் அபாயத்தை இங்கே பார்ப்போம்.

வாலடியில் சக்கரம் அமைந்த பழைய விமானங்கள் தரையில் நிற்கும்போது மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். ஆசனத்தில் அமர்ந்த விமானிக்கு நேர் எதிரே தெரிவது எஞ்சின் மூடிதானே தவிரப் பாதை அன்று. ஆகவே அவர் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டேதான் முன்னேற வேண்டும். 2006 ஜூலையில் அமெரிக்காவின் ஆஷ்காஷ் நகரத்து விமானத் திருவிழாவில், இரண்டாம் உலக யுத்த காலத்து அவெஞ்சர் விமானம் ஒன்று, தனக்கு முன்னால் இருந்த ஆர்.வி.-6 என்னும் சின்னஞ்சிறு விமானத்தின்மேல் மோதியதில் ஒரு பிரயாணி உயிரிழந்தார்.

அங்கே பார்வையை மறைத்தது விமானத்தின் மூக்கு. பனி மறைக்கும்போது நேரக்கூடியது எவ்வளவு என்பதை இத்தாலியின் மிலான் நகரத்து லினாத்தே விமான நிலையம் 2001 அக்டோபர் 8ஆம் தேதி கண்டது.

அன்று காலை மூடுபனியில் சுமார் 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இரண்டு விமானிகளும் இரண்டு பிரயாணிகளும் அமர்ந்த ஒரு செஸ்னா ஸைடேஷன், பாரிஸுக்குப் புறப்படுவதற்காக மேற்குப் புறத்திலிருந்து நகர்ந்தது. அத்தகைய பனியில் புறப்படுவதற்கு வேண்டிய தகுதி அந்த விமானிகளுக்கு இல்லை. அதை விசாரித்தவரும் இல்லை. ஓடுபாதையின் முனையைச் சுற்றி வடக்கே செல்லும் ஆர்-5 என்ற பாதையில் போகும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். விமானியும் ஆர்-5 என்றே திருப்பிச் சொன்னார். ஆனால் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எது ஐந்து, எது ஆறு என்று ஐயமறக் காட்டும் அறிகுறி இல்லை. தரையில் தீட்டிய எழுத்துகளோ தேய்ந்திருந்தன. விமானம் ஆர்-6 வழியே திரும்பிற்று. அந்தப் பாதை நேராக ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிச் செல்வது.

இதற்குப் பின்னும் நேரவிருந்த அனர்த்தத்தைத் தடுக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அதை நினைக்கும்போதுதான் என் மனம் மிகவும் வருந்துகிறது. தரையில் கண்ட எஸ்-4 என்ற குறியை நெருங்குவதாக விமானி வானொலியில் தெரிவித்தார். அந்தக் குறி ஆர்-6 பாதையில் இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டாளரிடம் இருந்த வரைபடத்தில் அது இல்லை. தமக்குத் தெரியாத அந்தக் குறி எங்கே இருக்கிறதென்று அவர் ஆராயவில்லை. விமானம் ஆர்-5இல்தான் வருகிறது என்று எண்ணி, மேலே செல்ல அனுமதித்தார். பனிக்குள்ளும் விமானங்களின் இருப்பிடத்தைக் காட்ட வேண்டிய தரை ராடார் 1999 முதலே வேலை செய்யவில்லை. அதற்குப் பதிலாகத் தருவிக்கப்பட்ட புதிய ராடாரும் இயங்கும் நிலையில் இல்லை. ஓடுபாதைக்குள் அத்துமீறி நுழைவதை உணர்த்தும் கருவிகளும் முன்னரே அணைக்கப்பட்டிருந்தன. கோபுரத்தில் இருந்தவருக்கு விமானிகளின் வாய்வார்த்தை ஒன்றே கண்ணாக இருந்தது.

காலை 8 மணி 10 நிமிஷத்துக்கு, கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டு மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் மேலெழும்பத் தொடங்கிய ஸ்காண்டினேவியன் ஏர்லைன்ஸ் எம்.டி.-87 விமானம் அந்தச் செஸ்னாவின்மேல் மோதிற்று. வலது எஞ்சினை இழந்த பெரிய விமானம் சில வினாடிகள் மட்டும் அந்தரத்தில் இருந்துவிட்டு விழுந்து, பிரயாணிகளின் சாமான்களைப் பிரிக்கும் கட்டடத்தில் போய் மோதியது. அதில் இருந்த 110 பேரும், செஸ்னாவில் இருந்த நால்வரும், கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு தொழிலாளர்களும் ஆக 118 பேர் மாண்டனர். பெரிய விமானம் எங்கோ விழுந்துவிட்டது என்று மீட்புப் படையினர் ஓடினார்களே ஒழிய, ஓடுபாதையில் ஒரு சிறு விமானம் எரிந்துகொண்டிருப்பது பனியினால் வெகுநேரம் ஒருவருக்கும் தெரியவில்லை.

2004இல் மிலான் நீதிமன்றம் கட்டுப்பாட்டாளரையும் நிர்வாகத்தில் பொறுப்பு வகித்த சிலரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. செஸ்னா விமானிகள் வழி தவறினார்கள் என்பது வாஸ்தவம். ஆயினும் பனியில் மனிதர் வழி தவறுவர் என்பதை எதிர்பார்த்தே தரைக் குறிகளும் விளக்குகளும் ராடாரும் ஏற்பட்டிருக்கும்போது, அவற்றைப் பழுதாகவே விட்டுவைத்தவர்களின் பொறுப்புத்தான் கனத்தது என்பது என் திடமான அபிப்பிராயம். லினாத்தேயின் புதிய தரை ராடார் அந்த விபத்துக்குப் பிறகே இயங்கத் தொடங்கியது.