ஆசிரியர் ஆக ஒரு தேர்வு

பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும்? கட்டடம் வேண்டும். கரும்பலகை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல ஆசிரியர் வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி இலவசம் என்கிறது அந்தச் சட்டம். அதன்படி, 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு ஆசிரியராக வருபவர் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

மாநில அரசுகள் தங்கள் மாநிலத்துக்கு இந்தத் தேர்வை நடத்துகின்றன. மத்திய அரசின் தேர்வும் ஒன்று உண்டு. அதற்கு 'சிடெட்' என்று பெயர். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளில் சேர இது தேவை. முதல் சிடெட் தேர்வு 2011இல் நடந்தது.

தேர்வு எப்படி இருக்கும்?

1 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்கு முதல் தாள். 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு இரண்டாம் தாள்.

முதல் தாளில் 150 கேள்விகள். நேரம் இரண்டரை மணி, அதாவது 150 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான்! குழந்தை வளர்ச்சி, முதல் மொழி, இரண்டாம் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் 30 கேள்விகள். மொழிப் பகுதிக்குத் தமிழையும் எடுக்கலாம்.

தேறப் பொதுவாக 90 மதிப்பெண் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடக்கூடாது.

மனப்பாடம் போதுமா?

போதாது. இப்படி ஒரு கேள்வி வரலாம்:

ஒரு குழந்தை 32ஐயும் 19ஐயும் கூட்டி 41 என்று எழுதுகிறது. ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?
(அ) திட்ட வேண்டும்.
(ஆ) சரியான விடையைச் சொல்ல வேண்டும்.
(இ) பத்து முறை எழுதச் சொல்ல வேண்டும்.
(ஈ) எப்படிக் கூட்டினாய் என்று கேட்க வேண்டும்.

சரியான விடை (ஈ). அந்தக் குழந்தைக்குக் கூட்டத் தெரியும். மீதி ஒன்றைப் பத்தோடு சேர்க்க மறந்துவிட்டது. கேட்டால்தான் அது புரியும். இதுதான் குழந்தையை அறிந்து கற்பிப்பது.

எப்படிப் படிப்பது?

பள்ளிப் பாடப் புத்தகங்களே அடிப்படை. அவற்றை வரி விடாமல் படிக்க வேண்டும். பழைய கேள்வித்தாள்களை வாங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழக வேண்டும். தவறிய கேள்விகளைத் தனி நோட்டில் எழுதி, மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் படித்தாலும் அது விடாமல் நடக்க வேண்டும்.

தேறினால் வேலை உறுதியா?

இல்லை. இது வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. வேலைக்கான அறிவிப்பு தனியாக வரும். சிடெட் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆகவே அறிவிப்பு வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாம்.

இந்தக் காத்திருப்பில்தான் தரகர்கள் வருகிறார்கள். "பணம் கொடுங்கள், வேலை வாங்கித் தருகிறேன்" என்பார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

மேற்கு வங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2016இல் தொடங்கிய பள்ளி வேலை நியமனத்தில் முறைகேடு நடந்தது தெரிய வந்தது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனங்களை ரத்து செய்தது. சுமார் 25,000 ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். நேர்மையாகத் தேறியவர்களும் அதில் இருந்தார்கள். சிலர் செய்த தவறு எல்லோரையும் பாதித்தது.

வீட்டார் என்ன செய்யலாம்?

படிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் வீட்டு வேலையிலிருந்து கொஞ்ச நேரம் விடுதலை கொடுங்கள். விளக்கும் அமைதியும் கொடுங்கள். தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு முறை தவறினால் திட்டாதீர்கள். மறுபடியும் எழுதலாம்.

பேசிப் பாருங்கள்

1. பணம் கொடுத்து ஆசிரியர் ஆனவரால் யாருக்கு நட்டம்?
2. உங்கள் ஊரில் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கு ஊரார் எப்படி உதவலாம்?