முகப்புக்குக் காவல், கூரைக்கு யார்?

கல்பாத்தி அக்ரஹாரத்தில் வெளிச்சுவரைச் செப்பனிடுவது வீட்டுக்காரரின் சொந்த விவகாரம் மட்டுமல்ல.

2024 நவம்பரில் ஒரு தேருக்காகத் தேர்தலே தள்ளிப்போனது. பாலக்காடு சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலுக்கு நவம்பர் 13-ம் தேதி வாக்குப்பதிவு என்று முதலில் அறிவிக்கப்பட்டது. கல்பாத்தி ரதோற்சவமும் அன்றுதான் என்பதால் 20-ம் தேதிக்கு மாற்றினார்கள். தேருக்குக் கிடைத்த இந்த உடனடி கவனம், தேர் ஓடும் தெருவில் உள்ள வீடுகளுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் அங்கு குடியிருப்பவர்களின் நீண்டகால மனக்குறை.

கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாதசுவாமி கோயில் 1425-ல் எழுந்ததாகச் சொல்கிறார்கள். 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது ஊர்ப் பழமொழி. தமிழகத்திலிருந்து குடியேறிய பிராமணர்கள் கோயிலைச் சுற்றி அமைத்த தெருக்களில் இன்றும் வீட்டுக்கு வீடு திண்ணை, அதன்மேல் தாழ இறங்கும் ஓட்டுக் கூரை. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

கேரள அரசு இப்பகுதியைப் பாரம்பரிய கிராமமாக அறிவித்தது. அதன் பிறகு வீட்டை இடித்துக் கட்டவோ முகப்பை மாற்றவோ அரசின் கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதல் தேவை. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. வரிசையில் ஒரு வீடு கான்கிரீட் மாடியாக எழுந்தால் தெருவின் முகமே மாறிவிடும். ஆனால் பழுதுபார்ப்பதற்கும் அனுமதிக்காக அலைய வேண்டியிருப்பதுதான் பிரச்னை. பம்பாயிலோ டெல்லியிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் பூட்டிவிட்டுப்போன வீடுகளுக்கு அலையக்கூட ஆள் இல்லை.

இங்கு முதல் எதிரி தண்ணீர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பலமானது. ஓர் ஓடு நகர்ந்தால் போதும், மழை சட்டத்தில் இறங்கி, பொதுச் சுவருக்குள் போய், பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஈரமாகத் தெரியும். அதனால் வெள்ளையடிக்கும் வேலை சுவரில் அல்ல, கூரையில் தொடங்குகிறது. உடைந்த ஓட்டை மாற்றி, உளுத்த ரீப்பரை எடுத்து, இறவாரத்தைச் சரிசெய்த பிறகுதான் சுவர்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் நிற்பவை. ஈரத்தை உறிஞ்சினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்புப் பூத்து, பெயின்ட் தோல் தோலாக உரிந்து, கடைசியில் காரையும் உதிரும். மூன்று வருஷம் பளபளக்கும் சுவர், நான்காவது வருஷம் முன்பைவிட மோசமாகிறது.

முறையான வழி எளிமையானது. பழைய பெயின்ட்டையும் பாசியையும் சுரண்டி எடுக்க வேண்டும். விரிசலில் சுண்ணாம்பு-மணல் கலவையை வைத்து நன்றாகக் காய விட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைச் சில நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ரமும் சிட்டிகை நீலமும் சேர்த்து, சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிசாக மூன்று பூச்சு. தடிமனாக ஒரே பூச்சு அடித்தால் பொருக்கு விட்டுவிடும்.

இதற்கெல்லாம் வெயில் வேண்டும். ஜூனில் பருவமழை, ஐப்பசியில் துலாமழை, அது முடியும்போது தேர். ஆக, வேலைக்குத் தோதான காலம் தையிலிருந்து சித்திரை வரைதான். அதற்குள் காகிதம் வந்து சேராவிட்டால், சுவர் இன்னொரு மழைக்காலத்தைத் தாங்க வேண்டும். மழை யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் புதுச்சேரி உதாரணம். அங்கு வைசியாள் வீதியில், ஐரோப்பிய யூனியனின் உதவியோடு இன்டாக் அமைப்பு தனியார் வீடுகளின் முகப்பை வரிசையாகச் சீரமைத்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. 'செய்யாதே' என்று தடுப்பதோடு நிற்காமல், 'இப்படிச் செய்' என்று சொல்லி, செலவுக்கும் வழி காட்டிய திட்டம் அது.

கல்பாத்தியிலும் ஓட்டுக்குப் பதில் ஓடு, சுண்ணாம்புக்குப் பதில் சுண்ணாம்பு என்று உள்ளதை உள்ளபடியே புதுப்பிப்பதற்கு உடனடி அனுமதி தரலாம். மாற்றிக் கட்டுவதற்கு மட்டும் கெடுபிடி வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால், காப்பாற்ற நினைத்த முகப்பு இடிபாடாகத்தான் மிஞ்சும். தேர் வருஷத்துக்கு மூன்று நாள்தான் ஓடும். மற்ற நாட்களில் தெருவுக்கு அழகு அந்தச் சுவர்கள்தான்.