புஸ்தகம் வீட்டுக்குப் போகட்டும்!

புதுக்கோட்டை ஜில்லாவில் கீரனூர்ப் பக்கத்திலுள்ள குன்றாண்டார்கோவிலுக்குப் போகிறவர்கள் இரண்டு அதிசயங்களைக் காண்பார்கள். ஒன்று, குன்றைக் குடைந்து அமைத்த சிவாலயம். 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மற்றொன்று, தேரைப் போலச் சக்கரங்களும் குதிரைகளுமாகக் கல்லில் சமைத்த மண்டபம். சக்கரம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, ஆனால் தேர் ஓர் அங்குலமும் நகருவதில்லை. கல் தேர் நகராதிருப்பது அதற்கு அழகு. பள்ளிக்கூடத்துப் புஸ்தக அலமாரியும் அப்படியே இருக்கலாமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

இந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, தமிழ் நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் பள்ளிக்கூட நூல் நிலையத்தின் நிலைமை ஒன்றுதான். அலமாரி உண்டு, புஸ்தகங்களும் உண்டு, பூட்டும் உண்டு. தனியாக நூல் நிலைய அதிகாரி கிடையாது. ஏற்கெனவே ஐந்து வேலைகளைச் சுமக்கும் ஓர் உபாத்தியாயர் தலையில் ஆறாவதாக இதுவும் விழுகிறது. வருஷ முடிவில் கணக்கெடுக்கும்போது ஒரு புஸ்தகம் குறைந்தால் அவர்தாம் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் பூட்டைத் திறக்கத் தயங்குகிறார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. புஸ்தகத்தைக் காப்பாற்றுவதே நூல் நிலையத்தின் கடமை என்று எண்ணும் பழக்கத்தைத்தான் குறை கூற வேண்டும்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புஸ்தகங்களை இரும்புச் சங்கிலியால் பலகையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். சீர்காழியில் 1892-ல் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையின் நூல் நிலையத் தலைவராக விளங்கிய டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் உலகத்துக்கு அளித்த ஐந்து விதிகளில் முதலாவது, புஸ்தகம் உபயோகத்துக்கே உரியது என்பதாகும். அதே ஆண்டில் மன்னார்குடியில் ஸ்ரீ கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாட்டு வண்டி போன இடத்துக்கு ஒரு மாணவனின் பையில் புஸ்தகம் போகக் கூடாதா?

புதுக்கோட்டை ஜில்லாவுக்கு இது முக்கியமான விஷயம். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, வயல்களிலும் கல் குவாரிகளிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிந்தார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள். தேசமே இதைக் கண்டு வியந்தது. அன்று எழுதப் படித்தவர்களில் பலர் இன்று பாட்டிமார்கள். சைக்கிள் விடப் பழகியவர்களுக்கு அது மறப்பதில்லை. ஆனால் எழுத்து அப்படியல்ல. படிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் மெல்ல மெல்ல மங்கி விடும். பல வீடுகளில் பாடப் புஸ்தகத்தைத் தவிர வேறு புஸ்தகம் நுழைவதற்குப் பள்ளிக்கூடம் ஒன்றே வழி. பேத்தி கொண்டுவரும் கதைப் புஸ்தகத்தைத் தாய் புரட்டுவாள். பாட்டி எழுத்துக் கூட்டிப் பார்ப்பாள். இரவல் கொடுத்த ஒரு புஸ்தகத்துக்கு மூன்று வாசகர்கள்! பூட்டிய அலமாரியோ மூவரையும் ஒருங்கே வஞ்சிக்கிறது.

சரி, எதைக் கொடுப்பது? புஸ்தகத்தைப் பார்த்துச் சிபார்சு செய்வதைவிடக் குழந்தையைப் பார்த்துச் சிபார்சு செய்வதே உத்தமம்.

இப்போதுதான் எழுத்துக் கூட்டும் குழந்தைக்கு, சர்க்கார் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் பொருத்தமானவை. 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாக அவற்றை வகுத்திருக்கிறார்கள். அடுத்தபடியாக, இந்த ஜில்லாவின் இராயவரத்தில் 1922-ல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' இருக்கிறது. பாட்டாகப் பாடிவிட்டால் படிக்கிற சிரமம் தெரியாது.

புஸ்தகம் என்றாலே ஓடுகிற பையனுக்கு, அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமாவின் 'பலே பாலு'வைக் கொடுக்கலாம். படக்கதையா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். படத்தைப் பார்க்க வருகிறவன் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது.

எட்டாம் வகுப்பை எட்டியவர்களுக்கு ஜப்பான் தேசத்து 'டோட்டோ-சான்' தமிழிலேயே கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகளில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் உண்மைக் கதை அது. அங்கே ஒரு பெட்டி முழுவதும் நூல் நிலையம். யார் வேண்டுமானாலும் எந்தப் புஸ்தகத்தையும் எடுத்துப் படிக்கலாம். 1945-ல் அமெரிக்க விமானக் குண்டு வீச்சில் அந்தப் பள்ளிக்கூடம் எரிந்து போயிற்று. அங்கே படித்த சிறுமியின் நினைவிலிருந்து அது மீண்டும் புஸ்தகமாக எழுந்தது.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தையும் காந்திஜியின் 'சத்திய சோதனை'யையும் சொல்லுவோம். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்லி மிரட்ட வேண்டாம். சத்திய சோதனையில் ஒரே ஓர் அத்தியாயத்தைக் காட்டினால் போதும். 1904-ல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறும்போது, போலக் என்ற நண்பர் வழியில் படிப்பதற்காக ரஸ்கினின் நூல் ஒன்றைக் காந்திஜியிடம் கொடுத்தார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்தபோது தம் வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளத் தீர்மானித்துவிட்டார். தக்க சமயத்தில் ஒருவர் கையில் ஒரு புஸ்தகத்தைக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

புஸ்தகத்தைச் சேர்ப்பதிலும் புதுக்கோட்டைக்கு நல்ல முன்மாதிரி உண்டு. திருக்கோகர்ணத்திலுள்ள 'ஞானாலயா'வை உண்டாக்கியவர்கள் ஜமீன்தார்கள் அல்லர். கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதிகள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வாங்கிச் சேர்த்த நூல்கள் லட்சத்துக்கு மேற்பட்டன. ஆராய்ச்சி செய்பவர்கள் வெளியூர்களிலிருந்து அங்கே தேடி வருகிறார்கள். உள்ளூர் மாணவர்களை ஒரு நாள் அங்கே அழைத்துச் செல்வது எந்த உல்லாசப் பிரயாணத்துக்கும் குறைந்ததன்று.

முடிவாக மூன்று யோசனைகள். வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பாட அட்டவணையில் நூல் நிலையத்துக்கென்று ஒதுக்கி, அதை வேறு பாடத்துக்குப் பறித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இரவல் ஏட்டை மாணவ மாணவிகளிடமே ஒப்படைக்க வேண்டும். பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் உபாத்தியாயரைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள். மூன்றாவது, மேலதிகாரிகளுக்கு. கைபட்டுக் கிழிகிற சில புஸ்தகங்களை ஆண்டுதோறும் கேள்வியின்றிக் கழித்துக்கொள்ள அனுமதி அளிக்க வேண்டும்.

ஒரு வருஷம் முழுவதும் ஒரு புஸ்தகங்கூடக் கிழியவில்லை, தொலையவில்லை என்று ஒரு பள்ளிக்கூடம் கணக்குக் காட்டினால், அதைப் பாராட்டுவதற்கு முன், எத்தனை புஸ்தகங்கள் வீட்டுக்குப் போய் வந்தன என்று கேட்பது நல்லது.