குடியேற்ற விவாதமும் விநோதக் கூட்டணிகளும்

உத்தனப்பள்ளி, ஓசூர், இராயக்கோட்டை வட்டாரத்து மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய் இன்று அன்றாடச் சரக்கு. ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் இங்கு வந்து தங்கியதால் கிடைத்த வியாபாரம் இது. ஆனால் வங்காளம் பேசுபவரைக் கண்டால் "பங்களாதேஷ்காரனோ?" என்று நம்மவர் சிலர் ஐயுறுகிறார்கள். ஆதலால், சட்டவிரோதக் குடியேற்றம் பற்றிய வழக்கில் யார் யாருடன், எதற்காகச் சேருகிறார்கள் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

முதலில் அசாம். 1979-ல் தொடங்கிய கிளர்ச்சி, 1985 ஆகஸ்ட் 15 அசாம் ஒப்பந்தத்தோடு முடிந்தது. 1971 மார்ச் 25-லும் அதற்குப் பின்னும் வந்த வெளிநாட்டார் வெளியேற்றப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதில் மத வேறுபாடு கிடையாது. அக்கிளர்ச்சியில் பிறந்த அசாம் கண பரிஷத், 2016-ல் பாரதீய ஜனதாவுடன் சேர்ந்து ஆட்சிக்கு வந்தது. இருவருக்கும் முழக்கம் ஒன்றே, கணக்குதான் வேறு. ஒருவருக்கு மொழியும் நிலமும், மற்றவருக்கு மதம்.

பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தினருக்குக் குடியுரிமை வழங்கும் மசோதா வந்தபோது இது வெளிப்பட்டது. 2019 ஜனவரியில் கண பரிஷத் கூட்டணியை விட்டு விலகியது. தேர்தல் நெருங்கவும் மார்ச்சில் திரும்பி வந்தது. டிசம்பரில் மசோதா சட்டமானபோது, முஸ்லிம்களை விட்டுவிட்டார்களே என்று டெல்லியில் எதிர்த்தார்கள். இந்துவானாலும் வேண்டாம் என்று குவாஹாத்தியில் எதிர்த்தார்கள். எதிர்ப்பு ஒன்று, காரணம் நேர்மாறு.

நம் மாநிலத்திலும் இக்காட்சி உண்டு. மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று அச்சட்டம் நிறைவேறியபோது அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது. இலங்கைத் தமிழர் ஏன் சேர்க்கப்படவில்லை என்று தி.மு.க. கேட்டது. 2021 தேர்தலில், பாரதீய ஜனதாவின் கூட்டணியில் இருந்துகொண்டே, அச்சட்டத்தைக் கைவிட வலியுறுத்துவோம் என்று அ.தி.மு.க. வாக்குறுதி தந்தது.

அமெரிக்காவில் நம்மைப் போன்ற வணிகர்களே இவ்வழக்கில் இறங்கினார்கள். அனுமதியின்றி வந்தவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்று 1980-களில் தொழிற்சங்கங்கள் கேட்டன. வர்த்தக சபை எதிர்த்தது. ஆள் கிடைக்காது என்பது அதன் கவலை. ஸ்பானிய மொழி பேசுவோரின் உரிமைச் சங்கங்களும் எதிர்த்தன. அபராதத்துக்குப் பயந்து தம் மக்கள் எவருக்குமே வேலை தரமாட்டார்கள் என்பது அவர்கள் அச்சம். முடிவில் 1986-ல் குடியரசுத் தலைவர் ரேகன் கையெழுத்திட்ட சட்டத்தில் அபராதமும் இருந்தது, சுமார் 27 லட்சம் பேருக்கு அனுமதியும் கிடைத்தது.

இதிலிருந்து நாம் தெளிய வேண்டியது ஒன்று. இந்த வழக்கில் கொடியைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. ஒவ்வொருவரின் பற்று வரவையும் பார்க்க வேண்டும். நமக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. கூலி கொடுப்பதும் சரக்கு விற்பதும் நாமே. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்க்க நேர்ந்தது. ஆள் போனால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் நம் கல்லாவும் நிற்கும்.

எனவே உறுப்பினர்கள் சிலவற்றை மனதில் கொள்க. அசாமியரும் மேற்கு வங்கத்தாரும் இந்நாட்டுக் குடிமக்கள். எங்கும் சென்று வசிக்கவும் தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. வேலைக்கு வைப்போரின் சொந்த ஊர் முகவரியையும், அழைத்து வந்த மேஸ்திரியின் விவரத்தையும் ஏட்டில் குறித்து வையுங்கள். ஆதார் அட்டை அடையாளச் சான்றே, குடியுரிமைச் சான்று ஆகாது. உண்மையான சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை. பேச்சு மொழியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. பெங்களூரிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளையும் அவ்வூரார் மொழியை வைத்துத்தானே அடையாளம் காண்கிறார்கள்!